என் சேலையைக் கட்டிவிட்டது யார்?

பதுளைக்கு ரயில் வருவதற்குப் பல வருஷம் முன்பு, ஜெர்மன் யுத்தம் தொடங்குவதற்குச் சற்று முந்திய ஒரு தை மாதத்தில் நடந்தது இது. நமுனுகுல மலைச் சரிவில் இருந்த ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு நாங்கள் கல்யாணத்துக்குப் போயிருந்தோம்.

எங்களுக்குப் பதுளைக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை. என் மாமனார் மதுரைப் பக்கத்திலிருந்து வந்து தொடங்கியது. முன்னால் கடை, பின்னால் வீடு. வீட்டில் நானும் என் கணவரும் இரண்டு பிள்ளைகளும், பிறகு என் கணவரின் அக்காவும். அவர் சின்ன வயதிலேயே கணவரை இழந்து தம்பியோடு வந்து சேர்ந்தவர். நானும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு எனக்கு மூட்டுவலி வந்தது. முதலில் விரல்கள், பிறகு மணிக்கட்டு, தோள், முழங்கால். காலையில் எழுந்தால் கை விரல்கள் வீங்கி, மடக்கினால் விரியாது, விரித்தால் மடங்காது. பதுளைக் குளிர் வேறு. நாட்டு வைத்தியர் தைலம் கொடுத்தார், ஆஸ்பத்திரியில் கசப்பு மருந்து கொடுத்தார்கள். வலி கொஞ்சம் விலகிப் போவது போலப் போக்குக் காட்டிவிட்டுத் திரும்பி வந்துவிடும்.

இந்த வலியோடு எனக்கு இன்னொரு குணமும் இருந்தது. நன்றாக உடுத்துவதில் எனக்குத் தீராத ஆசை. கொழும்பிலிருந்து புதுத் துணி வந்து இறங்கினால் கட்டுப் பிரிக்கும்போதே நான் அங்கே நிற்பேன். அரக்குச் சேலைக்கு எந்த ரவிக்கை, மயில்கழுத்து நிறத்துக்கு எந்தக் கரை என்று யோசிக்கிற நேரத்தில் எனக்கு வலி கூட மறந்துபோகும். உடம்பு மோசமாக இருக்கிற நாளில்தான் நான் இன்னும் நன்றாக உடுத்துவேன். பழைய சேலையைச் சுற்றிக்கொண்டு படுத்திருந்தால் அந்த நாள் முழுவதும் வலிக்கே சொந்தமாகிவிடும். நல்ல சேலை கட்டிவிட்டால் பாதி நாளாவது எனக்குக் கிடைக்கும்.

கையைத் தூக்க முடியாததால், தோள் வழியே பொத்தான் வைத்து ரவிக்கை தைத்துத் தரச் சொன்னேன். கடை வராந்தாவில் மெஷின் போட்டிருந்த தையற்காரர் தலையைச் சொறிந்துகொண்டே தைத்துக் கொடுத்தார். அடுத்த மாதமே பதுளையில் நாலைந்து பெண்கள் அதே போலத் தோள் பொத்தான் வைத்துத் தைக்கச் சொல்லி வந்தார்கள். புது நாகரிகம் என்று நினைத்துவிட்டார்கள்! வீங்கின விரல் தெரியாமலிருக்க லேஸ் வைத்த கைக்குட்டையைப் பிடித்துக்கொள்வேன். அதையும் பார்த்து வாங்கிப் போனார்கள்.

ஆனால் சேலைக் கொசுவம் மட்டும் என் கையால் முடியவில்லை. அப்போதுதான் முன்பக்கம் கொசுவம் வைத்துக் கட்டும் வழக்கம் பட்டணத்திலிருந்து எங்கள் ஊருக்கு வந்திருந்தது. ஒரு நாள் காலையில் சேலையைப் பிடிக்க முடியாமல் நான் அழுதுகொண்டு நின்றபோது என் கணவர் உள்ளே வந்தார். "இந்தா, நான் மடிக்கிறேன். நாள் பூரா துணி மடிக்கிறவன்தானே" என்று என் முன்னால் குந்தி உட்கார்ந்துவிட்டார். அளவெடுத்து வெட்டினது போல ஒவ்வொரு மடிப்பும் வந்து நின்றது. அன்றிலிருந்து தினமும் காலையில் அறைக் கதவைச் சாத்திவிட்டு அவர்தான் கொசுவம் வைத்துவிடுவார். ஆம்பிளை பெண்டாட்டிக்குச் சேலை கட்டிவிடுகிறான் என்று தெரிந்தால் கடைத்தெரு முழுக்கச் சிரிக்குமே! அதனால் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. அக்காவுக்கும் தெரியாது.

அக்காவுக்கு என் வலியிலேயே நம்பிக்கை இல்லை. "வலிக்குதுங்கிறவ இப்படியா மினுக்கிக்கிட்டுத் திரிவா? அம்மி அரைக்கச் சொன்னா மட்டும் கை வீங்கிடுது" என்பார். என் காதில் விழுகிற மாதிரிதான் சொல்வார். நான் பதில் பேசியதில்லை. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் சுருக்கென்று தைக்கும்.

அந்தத் தோட்டத்துக் கங்காணி எங்கள் கடைக்கு வெகுகாலமாக வந்துபோகிறவர். நிறைய ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவர். மகள் கல்யாணத்துக்கு எங்களிடம்தான் ஜவுளி எடுத்தார். எடுத்துவிட்டு, "முதலாளியம்மாவும் கட்டாயம் வரணுங்க. எங்க வீட்டுப் பொம்பளைங்க அவங்களைப் பாக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாங்க" என்றார். என் கணவரால் மறுக்க முடியவில்லை. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அக்காவும் வந்தார்.

கூண்டு வண்டியில் மலையேறினோம். பாதையெல்லாம் மூடுபனி. வண்டி குலுங்கக் குலுங்க என் முழங்காலும் மணிக்கட்டும் கொதித்தன. போய் இறங்கியபோது விரல்கள் கட்டை போல ஆகியிருந்தன. தொழிலாளர் குடியிருக்கிற லயத்தின் கோடியில் கங்காணியின் வீடு. வாசலில் பந்தல், வாழை, தோரணம், மேளம். லயத்துப் பெண்கள் எல்லாம் ஓடி வந்து என் சேலையையும் ரவிக்கையையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். நானும் வலியை விழுங்கிவிட்டு, கைக்குட்டையைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டு நின்றேன். உள்ளுக்குள் பெருமையாகவும் இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

கங்காணியின் மனைவி என்னைக் கல்யாணப் பெண் இருந்த அறைக்குள் அழைத்துக்கொண்டு போனார். பெண் பாவாடையோடு குளிரில் நடுங்கிக்கொண்டு நின்றது. கூறைச் சேலையை எடுத்து என் கையில் வைத்தார் அந்த அம்மா.

"எங்களுக்குப் பின்கொசுவந்தான் கட்டத் தெரியுங்க. எம் மகளுக்கு உங்களை மாதிரி முன்கொசுவம் வச்சுக் கட்டணும்னு ஆசை. உங்க கையாலதான் கட்டிவிடணும்."

மறுத்தால் வீட்டுக்கு வந்த பெரிய மனுஷி முகத்தைத் திருப்பினாள் என்பார்கள். ஏதாவது சாக்குச் சொல்லலாமா என்று பார்த்தேன். அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அறை நிறையப் பெண்கள். வாசலில் அக்கா நின்றார். விதவை என்பதால் அவர் கல்யாணப் பெண்ணின் அறைக்குள் வரவில்லை.

எப்படியாவது சமாளித்துவிடலாம் என்று சேலையைச் சுற்றினேன். அதுவரை முடிந்தது. மடிப்பு எடுக்க ஆரம்பித்தேன். முதல் மடிப்பு நின்றது. இரண்டாவது எடுக்கும்போது கட்டைவிரல் சொன்னபடி கேட்கவில்லை. பட்டு வழுக்கிக்கொண்டு தரையில் விழுந்தது. சிரித்துக்கொண்டே மறுபடி எடுத்தேன். மறுபடியும் விழுந்தது. வலியில் என் கண் கலங்கிவிட்டது.

பின்னாலிருந்து யாரோ, "கூறைச் சேலை கீழ விழுதே... இது என்ன சகுனமோ" என்று முணுமுணுத்தார்கள்.

பெண்ணின் முகம் வெளிறிப் போனது. அம்மாவின் பக்கம் திரும்பி அழத் தயாராகிவிட்டது.

அந்த முகத்தைப் பார்த்த பிறகு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. என் மானத்தைக் காப்பாற்றப் போய், ஒரு பெண் தன் கல்யாண நாளில் பயந்துகொண்டு மணவறைக்குப் போக வேண்டுமா?

"சகுனமெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. பயப்படாதே. என் கைதான் சரியில்லை" என்றேன். கைக்குட்டையைத் தேடாமல் இரண்டு கைகளையும் நீட்டிக் காட்டினேன். மூட்டுகள் சிவந்து வீங்கி, விரல்கள் கோணிக்கொண்டிருந்தன. "எனக்கு ரொம்ப நாளா மூட்டுவலி. துணியைப் பிடிச்சு மடிக்க முடியாது."

கங்காணியின் மனைவி என் கையைப் பார்த்தார், என் சேலையைப் பார்த்தார். "அப்ப இம்புட்டு அழகா இந்தச் சேலையைக் கட்டிவிட்டது யாருங்க?"

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? "எங்க வீட்டுக்காரர்" என்றேன்.

முதலில் சிரித்தது அந்தக் கல்யாணப் பெண்தான். வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. "முதலாளியா? தினமுமா?" என்று கேட்டது. ஆமாம் என்று தலையாட்டினேன். அவ்வளவுதான், அறை முழுக்கச் சிரிப்பு. அதில் ஏளனம் இருந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். அது இல்லை. ஒரு வயதான அம்மா, "என் வூட்டு மனுஷன் எனக்கு ஒரு செம்புத் தண்ணி மொண்டு குடுத்ததில்லையே!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார்.

பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவே இல்லை. ஒருத்தி என் பக்கத்தில் வந்து, "எனக்கும் இடுப்பு இப்படித்தாங்க. விடியக்காலம் பெரட்டுக்குப் போகையில நிமிர முடியாது" என்றாள். ஆட்களை வரிசையில் நிறுத்தி வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்தைத்தான் தோட்டத்தில் பெரட்டு என்பார்கள். இன்னொருத்தி தலையில் மாட்டிய கொழுந்துக் கூடை இழுத்து இழுத்துக் கழுத்து திரும்பாததைச் சொன்னாள். அவள் காதில் தோடு மின்னியது, கொண்டையில் பூ. "கழுத்து போனாலும் பூ வைக்காம மலைக்குப் போக மாட்டேங்க" என்று அவள் சொன்னபோது எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

என்னை ஒரு டிரங்குப் பெட்டி மேல் உட்கார வைத்தார்கள். பெண்ணின் அத்தை சேலையைக் கையில் எடுத்தார். "சொல்லுங்கம்மா, நான் மடிக்கிறேன்." தினமும் காலையில் என் கணவர் தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டே மடிப்பார். அதையெல்லாம் அப்படியே சொன்னேன். "கரையைப் பாருங்க, துணியைப் பாக்காதீங்க. முந்தின மடிப்போட விளிம்புல வச்சுப் பிடிங்க. இறுக்காதீங்க, பட்டு தானா நிக்கும்." மெதுவாக, கொஞ்சம் கோணலாக, ஆனால் அழகாகவே வந்தது கொசுவம். பெண் குனிந்து பார்த்துவிட்டு என் கன்னத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது.

தாலி கட்டி முடிவதற்குள் சேதி பந்தலுக்குப் போய்விட்டது. கங்காணி என் கணவரிடம், "முதலாளி சேலை விக்கிறது மட்டுந்தான்னு நெனச்சேன்" என்று ஆரம்பித்தார். இவர் காது வரைக்கும் சிவந்துவிட்டார்.

சாப்பாடு முடிந்து பாயிலிருந்து எழுந்தபோது என் முழங்கால் பிடித்துக்கொண்டது. தடுமாறினதில் கொசுவம் இடுப்பிலிருந்து நழுவிவிட்டது. முன்பென்றால் சால்வையைப் போர்த்திக்கொண்டு வண்டிக்குள் போய் ஒளிந்திருப்பேன். அன்று ஒரு கையால் சேலையைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். பந்தலின் மறுபக்கத்திலிருந்து என் கணவர் பார்த்தார். கை கழுவிய ஈரத்தை வேட்டியில் துடைத்துக்கொண்டு, அத்தனை பேர் நடுவில் நேராக என்னிடம் வந்தார்.

"ரொம்ப வலிக்குதா?"

"ஆமா."

பிறகு என் முன்னால் குந்தி உட்கார்ந்து கொசுவத்தைச் சரிசெய்ய ஆரம்பித்தார். நான் ஆடாமல் நிற்க எதையாவது பிடிக்க வேண்டியிருந்தது. அப்போது பந்தலின் ஓரத்திலிருந்து அக்கா எழுந்து வந்தார். "என் தோளைப் பிடிச்சுக்க" என்றார். பிடித்துக்கொண்டேன். யாரும் சிரிக்கவில்லை. சில பெண்கள் மட்டும் தங்கள் கணவன்மாரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

திரும்பி வரும்போது பிள்ளைகள் வண்டியில் தூங்கிவிட்டார்கள். என் கணவர் வண்டிக்காரரோடு முன்னால் உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் கழித்து அக்கா கேட்டார்.

"இத்தனை வருஷமா எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னேனே, அக்கா."

"ஆமா, சொன்ன. நல்லா உடுத்திக்கிட்டுச் சொன்ன. அதான் நான் நம்பல." வெளியே தேயிலைச் செடிகளைப் பார்த்தபடி மறுபடி சொன்னார். "எனக்குக் கஷ்டம் வந்தப்ப எல்லாத்தையும் கழட்டிப் போட்டுட்டு மூலையில உக்காரச் சொன்னாங்க. உக்காந்தேன். கஷ்டம்னா அப்படித்தான் இருக்கணும்னு நெனச்சுட்டேன்."

அக்கா என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, பதுளை வரும் வரை விரல் விரலாக நீவிக்கொண்டே வந்தார்.

அதற்குப் பிறகு எனக்கு வலி குறைந்துவிட்டது என்று சொல்ல ஆசைதான். குறையவில்லை, கூடியிருக்கிறது. என் கணவர் இப்போது மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு கொசுவம் வைக்கிறார். கதவைச் சாத்துவதில்லை. கொண்டை போடுவது அக்காவின் வேலை. "இன்னைக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் சீப்பை எடுப்பார்.

என் வலியை யாராலும் வாங்கிக்கொள்ள முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் நான் பட்டு உடுத்திப் பூ வைத்துக்கொண்டு நிற்கும்போதும், எனக்கு வலிக்கிறது என்று சொன்னால் நம்புகிற மனிதர்கள் என்னைச் சுற்றி இருக்கிறார்கள் என்ற நிம்மதி அந்தக் கல்யாண வீட்டில்தான் எனக்குக் கிடைத்தது. அதற்கு முன்னால் அத்தனை வருஷம் அது இல்லாமல் எப்படி இருந்தேன் என்று இப்போது நினைத்தாலும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.