கிரயத்துக்குக் காத்திருந்த அம்மா

ஆண்டு நினைவு நாளில் இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மகளின் வணக்கம். அம்மாவைப் பற்றி நிதானமாக எழுத எனக்கு வரவில்லை. அவர் நிதானமாக ஓரிடத்தில் உட்கார்ந்து நாங்கள் பார்த்ததும் இல்லை.

பொள்ளாச்சிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், தென்னந்தோப்புகளில் கூலி வேலை செய்த பெற்றோருக்கு ஓர் அண்ணனுக்குப் பின் மூத்த மகளாகப் பிறந்தார். மணமாகிச் சூலூருக்கு வந்தார். நானும் தம்பியும் பள்ளியில் படிக்கும்போதே அப்பா காலமாகிவிட, தறிப் பட்டறையில் நாள் முழுக்க நின்று வேலை செய்து எங்களைப் படிக்க வைத்தார். வாழ்ந்ததெல்லாம் வாடகை வீடுகளில்தான். வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னால் எதிர்த்துப் பேசமாட்டார். பாத்திரங்களைச் சாக்கில் கட்டத் தொடங்கிவிடுவார்.

நாங்கள் இருவரும் சம்பாதிக்கத் தொடங்கிய பிறகு, சூலூரிலேயே ஓர் ஓட்டு வீடு விலைக்கு வந்தது. அக்ரிமெண்ட் போட்டோம். வங்கிக் கடனும் தயாரானது. குடியிருந்த வாடகை வீட்டைக் காலி செய்து, சாமான்களை என் வீட்டில் கொண்டுவந்து போட்டோம். ஆனால் வீட்டை விற்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் கிரயப் பத்திரம் பதியும் தேதியைத் தள்ளிக்கொண்டே போனார்.

"அடுத்த வாரம் ஆயிருமுங்க அம்மணி."

"போன மாசமும் இதையேதானுங்க சொன்னீங்க. எந்த வாரத்துக்கு அடுத்த வாரமுங்க?" என்பார் அம்மா.

ஆசிரியர்மீதும் குற்றமில்லை. உக்கடம் பக்கம் அவர் வாங்கவிருந்த அடுக்குமாடி வீடு கைக்கு வரவில்லை. அதை விற்கவிருந்த பெரியவர் பொள்ளாச்சியில் இருந்த தன் சொந்த வீட்டுக்குத் திரும்பக் காத்திருந்தார். அங்கே வாடகைக்கு இருந்தவர்கள் காலி செய்யவில்லை.

மகள் வீட்டில் அம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கூட்டிய வாசலையே மறுபடியும் கூட்டுவார். "உக்காருங்க அத்தெ" என்பார் என் கணவர். "எங்கீங்க மாப்ளெ உக்கார்றது?" என்று மூட்டைகளைக் காட்டுவார். அட்வான்ஸைத் திருப்பி வாங்கிவிட்டு வேறு வீடு பார்க்கலாம் என்றான் தம்பி. அம்மா கேட்கவில்லை.

ஒருநாள் காலையில் சேலை மாற்றிக்கொண்டு, "முடிச்சு எங்க கெடக்குதுன்னு நானே போய்ப் பாத்துபோட்டு வாரேன்" என்று கிளம்பினார். நானும் உடன் போனேன். பொள்ளாச்சி போய்ச் சேரும்வரை பஸ்ஸில் சண்டைக்கான வார்த்தைகளைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

பெரியவரின் வீட்டுக் கதவைத் திறந்தவர், அங்கே வாடகைக்கு இருந்தவர்; தையல் வேலை செய்து மகளை வளர்க்கும் பெண். பின்னால் தரையில் அந்த மகள் புத்தகங்களைப் பரப்பி உட்கார்ந்திருந்தாள். "ஏனுங்க, பிளஸ் டூ பரிச்ச வருதுங்க. வேற ஊடு தேடக்கூட நேரமில்லீங்க" என்றார் அவர், யாரென்று சொன்னதுமே, நாங்கள் கேட்பதற்கு முன்பே.

அம்மா அந்தப் புத்தகங்களைப் பார்த்தார். பிறகு, "புள்ள பரிச்ச எழுதட்டும். ஊட்ட நான் தேடறேன். ஆனா பரிச்ச முடிஞ்சதும் சாமான் ஏத்த வண்டி வாசல்ல நிக்கோணும்" என்றார்.

அன்று அவர் என்னோடு திரும்பவில்லை. தன் சித்தப்பா மகன் வீட்டில் தங்கி, அந்தப் பெண்ணுக்காகத் தெருத் தெருவாக வாடகை வீடு தேடினார். கிடைத்தது. தேர்வு முடிந்ததும் அவர்கள் மாறினார்கள். பெரியவர் பொள்ளாச்சி வந்தார். ஆசிரியர் உக்கடம் போனார். எங்கள் கிரயமும் நடந்தது. பத்திர ஆபீசிலும் அம்மா நின்றுகொண்டேதான் இருந்தார்.

புது வீட்டில் அவருக்கு நீண்ட காலம் கிடைக்கவில்லை. இதயம் பலவீனப்பட்டுவிட்டது. மருத்துவமனையில், "ஊட்டுக்குப் போலாம் கண்ணு" என்று ஓயாமல் கேட்டார். அழைத்து வந்தோம். அன்றுதான், சொந்த வீட்டுக்காக ஏன் அத்தனை துடித்தார் என்பதைச் சொன்னார்.

"உங்கப்பன் செத்தன்னிக்கு, சீக்கிரம் எடுத்துருங்கன்னு ஊட்டுக்காரர் வாசல்லயே நின்னாரு. எங்கண்ணன் வந்து மொகம் பாக்கறதுக்குள்ள எடுத்தாச்சு. எனக்கு அப்படி ஆகக்கூடாது."

சில நாட்களில், அந்த வீட்டிலேயே அம்மா கண்மூடினார்.

சிகிச்சையில் துணைநின்ற மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், சொன்ன சொல் மாறாமல் வீட்டைத் தந்த ஆசிரியர் குடும்பத்துக்கும் நன்றி. எங்களைப் புதிதாகக் குடிவந்தவர்கள் என்று பாராமல் பந்தல் போட்டு, வெளியூர் உறவினர்களுக்குத் தங்கள் வீடுகளைத் திறந்துவிட்ட தெருக்காரர்களுக்குச் சொல்ல வார்த்தை போதவில்லை. தூரத்திலிருந்து வந்த தாய்மாமா முகம் பார்க்கும்வரை, அம்மா தன் வீட்டுக் கூடத்திலேயே இருந்தார். யாரும் எங்களை அவசரப்படுத்தவில்லை.