அப்பா எழுதிய பதிவேடு

நான்கு வருடங்களுக்கு முன்னால் நான் வேலை பார்க்கும் பள்ளியில் ஆசிரியைகளுக்கு மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம் நடந்தது. "ஒங்க வீட்ல யாருக்காவது இது இருந்துச்சாங்க டீச்சர்?" என்று நர்ஸ் கேட்டார். "எங்க வம்சத்துலயே கெடையாது" என்று மார்தட்டிக்கொண்டு சொன்னேன். அவர் 'இல்லை' என்ற இடத்தில் டிக் அடித்தார். அதற்குப் பிறகு நான் எந்த முகாமுக்கும் போகவில்லை. இடது மார்பில் கட்டி தட்டுப்பட்டபோதுகூட, சூட்டுக்கட்டியாக இருக்கும் என்று இரண்டு மாதம் சும்மா இருந்தேன்.

புற்றுநோய்தான் என்று திருச்சியில் சொல்லிவிட்டார்கள். எனக்கு நாற்பத்தொரு வயது. இந்த வயதில் வந்தால் பரம்பரையா என்று பார்க்க வேண்டுமாம். மரபணுப் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள். முடிவு வர ஒரு மாதம் ஆகும். பரம்பரைதான் என்றால் கல்லூரியில் படிக்கும் என் மகளும் சோதித்துக்கொள்ள வேண்டும். அதற்குள், இறந்துபோன உறவினர்களின் வயதையும் நோயையும் நிரப்பி வரச்சொல்லி டாக்டர் ஒரு படிவம் கொடுத்தார்.

அப்பாவின் அக்காவும் தங்கையும் உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டு இளவயதில் போனவர்கள். பெரிய அத்தைக்கு டைபாய்டு, சின்ன அத்தைக்கு மஞ்சள் காமாலை என்று கேட்டு வளர்ந்தவள் நான். எத்தனை வயதில் போனார்கள் என்று கேட்டதற்கு, "அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு ஆத்தா" என்றார் அப்பா. எந்தத் திருநாளுக்கு எந்தப் பாட்டு என்று இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிறவர்.

எங்கள் பங்குக் கோயிலில் அப்பா முப்பது வருடம் சாமியாருக்கு உதவியாக உபதேசியாராக இருந்தார். சாமியார்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், அப்பா மாறவில்லை. ஞானஸ்நானம், கல்யாணம், சாவு எல்லாவற்றையும் கோயில் பதிவேட்டில் எழுதியது அவர்தான். வயதை மட்டும் பார்த்துக்கொண்டு வரலாம் என்று பங்கு அலுவலகத்துக்குப் போனேன்.

ஃபாதர் பழைய புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். பெரிய அத்தை, முப்பத்தெட்டு வயது. பக்கத்தில் மரணக் காரணம் என்று ஒரு கட்டம். அதில் 'மார்பில் புற்று' என்று எழுதியிருந்தது. சின்ன அத்தை, நாற்பத்திரண்டு. அதே காரணம். எனக்கு அ, ஆ எழுதக் கற்றுக்கொடுத்தவரின் எழுத்து, குண்டு குண்டாக, ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல். அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். சின்ன அத்தை செத்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. காமாலை என்று சொல்லி என்னைக் கட்டிக்கொண்டு அழுதவர் இவர்தான்.

வீட்டுக்கு வந்து, பதிவேட்டைப் பார்த்ததாகச் சொன்னேன். அப்பா மறுக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வெளிய தெரிஞ்சா ஒன்னைய யாரு கட்டுவா? அதுவுமில்லாம, கட்டிக்குடுத்த வீட்டுல போயி வந்த சீக்குன்னு நெனச்சேன்."

"அப்ப புத்தகத்துல மட்டும் ஏம்ப்பா உண்மைய எழுதுனீங்க?"

"கோயில் புத்தகத்துல பொய் எழுதக் கூடாது ஆத்தா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரும் திறந்து பார்க்காத ஒரு புத்தகத்துக்குக் கொடுத்த மரியாதையைப் பெற்ற பிள்ளைக்குக் கொடுக்கவில்லை. கல்யாணம் முடிந்து இருபது வருடம் ஆன பிறகாவது சொல்லியிருக்கலாம். அந்த முகாமில் நான் சொன்ன பதிலை அன்றைக்கே வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். "நல்லது ஆத்தா" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார். இன்றுவரை அதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

"பிள்ளைகிட்ட இப்ப எதையும் சொல்லாத. மொதல்ல முடிவு வரட்டும்" என்றார் அப்பா.

சனிக்கிழமை மகள் ஹாஸ்டலிலிருந்து வந்தாள். படிவத்தை அவள் முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் இரண்டு அத்தைகளின் வயதையும் திரும்பத் திரும்பப் பார்த்தாள். பக்கத்து அறையில் அப்பா ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். தினமும் போன் போட்டுப் பேசும் அளவுக்குத் தாத்தா என்றால் அவளுக்கு உயிர்.

"தாத்தாவுக்கு இது தெரியாதுல்லம்மா?" என்று கேட்டாள்.

பாவம், அவருக்கு எங்கே தெரியும் என்று என் வாய்வரை வந்துவிட்டது. பொய் அவ்வளவு சுலபமாக வந்ததில் எனக்கே பயமாக இருந்தது. பக்கத்து அறையில் ஜெபச் சத்தம் நின்றுபோயிருந்தது.

"தெரியும்" என்றேன், அவருக்கும் கேட்கும்படி.