உப்புத்தண்ணியில் மூன்று நண்டுகள்

நேற்று ஈரோட்டில் ஒரு கருவாட்டுக் கடையைத் தாண்டும்போதுதான் தோன்றியது, மறுபடியும் கடல் நண்டு வளர்க்க வேண்டும் என்று. அந்த வாடை என்னை நேராகத் தூத்துக்குடிப் பக்கம், அத்தை வீட்டுக்குப் பின்னாலிருந்த பாறைக்கரைக்குக் கொண்டுபோய்விட்டது. கடல் இறங்கியதும் பாறைக்குழிகளில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும், அடியில் சங்குகள் தாமாக நடக்கும், எடுத்துக் காதருகே வைத்தால் உள்ளே குடியிருக்கும் நண்டு கரகரவென்று சுரண்டும். ஆறாம் வகுப்பு லீவில் அப்படி மூன்றைத் தூக்குப்போசியில் போட்டு, எங்கள் ஊர் கருமத்தம்பட்டி வரைக்கும் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

"ஏங்கண்ணு, நம்மூட்டுத் தறிச் சத்தத்துல அதுக தூங்குமா?" என்று அம்மா சிரித்தாள்.

உப்புத்தண்ணியில் விடச் சொல்லியிருந்தாள் அத்தை. எங்கள் ஊரில் உப்புத்தண்ணி என்றால் போர்வெல் தண்ணீர். குடிக்க நல்ல தண்ணி, துவைக்க உப்புத்தண்ணி. கண்ணாடித் தொட்டி நிறைய அதையே பிடித்துவிட்டேன். மூன்றாம் நாள் மூன்றும் சங்கைவிட்டு வெளியே செத்துக் கிடந்தன.

"அதது இருக்கற எடத்துல இருக்கோணும் அம்மணி," என்றார் அப்பா.

அதை அன்றும் ஒப்புக்கொள்ளவில்லை, இன்றும் இல்லை. இடம் கொல்லவில்லைங்க, நான் ஊற்றிய தண்ணீர்தான் கொன்றது. அந்தக் கரையில் இப்போது அலைதடுப்புக் கல்லைக் கொட்டிவிட்டார்கள், ஒரு குழிகூட மிச்சமில்லை. இருந்த இடத்திலேயே இருந்த நண்டுகள் என்ன ஆயினவாம்?

இந்த வாரம் கடல்மீன் தொட்டிக்கென்றே விற்கும் உப்பை வாங்கிக் கரைத்து, அளவு பார்த்து, ஒரு மாதம் தொட்டியை வெறும் தண்ணீரோடு ஓட்டப்போகிறேன். தண்ணீர் தேறிவிட்டால், அத்தை ஊருக்குப் பக்கத்துக் கரைக்குப் போய் ஒரே ஒரு நண்டு.