கிழங்கு மேலே வந்த பிரியாணி

தன் மகனுக்குத் தங்கையைப் பெண் பார்க்க வரும் அம்மாள் பிரியாணி கேட்டாள். ஜப்பான்காரன் பினாங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்த காலம். ஊரே மரவள்ளிக்கிழங்கைத் தின்று வயிறு ஊதிக் கிடக்கிறது, இவளுக்குப் பிரியாணி! "சோறு போட வக்கில்லாத வீட்டில் பெண் எடுக்க மாட்டேன்" என்று ஆள் விட்டுச் சொன்னாள். எனக்கு வந்த கோபத்துக்கு, சொல்ல வந்த ஆளை மாடிப்படியில் உருட்டி விட்டிருப்பேன்.

அத்தா தடுத்தார். பெண்ணைப் பெற்றவர், அவருக்கு வேறு பயம். பட்டாளத்துக்காரன் கதவைத் தட்டும்போதெல்லாம் தங்கையைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்து வைப்போம். இரண்டு முறை தப்பினாள். கல்யாணமான பெண் என்றால் கொஞ்சமாவது பாதுகாப்பு என்று எல்லோரும் நம்பினார்கள். இந்தச் சம்பந்தம் கைவிட்டுப் போகக் கூடாது.

அம்மா இல்லாத வீடு. சமையல் என் தலையில். பங்கீட்டு அரிசியில் தினம் ஒரு பிடி எடுத்து வைத்தேன். ஒரு மாதம் சேர்த்தும் பிரியாணி ஆக்கும் தேக்சாப் பாத்திரத்தில் பாதி வரவில்லை. நெய்க்குப் பதில் தேங்காயெண்ணெய். ஆட்டுக்குப் பதில் எங்கள் கிழட்டுச் சேவல். அதைப் பப்பாளிக்காய் அரைத்துப் போட்டு ஊறவைத்தேன். இல்லாவிட்டால் வந்தவர்களுக்குப் பல் மிஞ்சாது.

குறைந்த அரிசிக்கு நானே வழி கண்டுபிடித்தேன். அடியில் மஞ்சள் போட்டு வேகவைத்த கிழங்கு, நடுவில் கறி, மேலே சோறு. "கரண்டியை அடிவரை இறக்காதே. மேலாக அள்ளி அவர்களுக்கு, கிழங்கு நமக்கு" என்று தங்கையிடம் சொல்லி வைத்தேன். தம் போட மூடியைச் சுற்றிக் கோதுமை மாவு ஒட்டுவோம். அது எங்கே கிடைக்கும்? மரவள்ளி மாவைப் பிசைந்து ஒட்டினேன். மூடிமேல் தணலைக் கொட்டினேன்.

அம்மாள் தன் அண்ணனோடு வந்தாள். எங்கள் ஆட்களில் தேக்சாவை விருந்தாளி கண்முன்தான் திறக்க வேண்டும். அத்தா தணலைத் தள்ளிவிட்டு மூடி விளிம்பில் கத்தியை விட்டார். அசையவில்லை. மரவள்ளி மாவு காய்ந்து சிமெண்டாகி இருந்தது.

"என்னங்க, பிரியாணியை ஜெயில்ல போட்டுட்டீங்களா?" என்றாள் அந்த அம்மாள்.

"பசிச்சா பொறுக்கணும்" என்றேன். அத்தா முறைத்தார்.

"தள்ளுங்க லா, நான் பிடிக்கிறேன்!" என்று அவள் அண்ணன் வந்து தேக்சாவைத் துணி சுற்றி முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டார். அத்தா பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். மூடி வந்தது. அத்தா பின்னால் விழுந்தார். தேக்சா முன்னால் சாய்ந்து, எல்லோரும் சேர்ந்து உண்ணக் கீழே வைத்திருந்த பெரிய சகன் தட்டில் அப்படியே கவிழ்ந்தது.

வாசனை பிரமாதம். ஆனால் சோறு அடியில் போய்விட்டது. உச்சியில் மஞ்சள் மஞ்சளாகக் கிழங்கு.

அந்த அம்மாள் தட்டை நோக்கிக் குனிந்தாள்.

"இது யாரு வேலை?" என்றாள் அந்த அம்மாள்.

நான் வாயைத் திறந்தேன். நல்லதாக நாலு வார்த்தை தயாராக இருந்தது. நான் பேசினால் சம்பந்தம் அதோடு போச்சு என்று தங்கைக்குத் தெரியும். முந்திக்கொண்டாள்.

"நான்தான் மாமி."

"அரிசி பத்தலையா?"

"ஆமா மாமி. உங்களுக்குத் தெரியாம நாங்க கிழங்கு தின்னுக்கலாம்னு."

அந்த அம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். ஒரு கிழங்கை எடுத்து வாயில் போட்டாள். "சோத்துக்கடியில கிழங்கை ஒளிக்கத் தெரிஞ்சவ, என் வீட்டு அரிசியையும் ஜப்பான்காரன் கண்ணுல படாம ஒளிச்சு வைப்பா. வர்ற வெள்ளிக்கிழமையே நிக்காவை வச்சிக்குவோம். இன்னும் எத்தனை நாளைக்கு இவளை ஒளிச்சு ஒளிச்சு வப்பீங்க?"

அவள் அண்ணன் கிழங்கை ஓரமாகத் தள்ளிச் சோற்றைத் தோண்டினார். அத்தா தரையில் உட்கார்ந்தபடியே அழுதார். யோசனை என்னுடையது, பேர் தங்கைக்கு. கோபத்தில் என் பங்கு கிழங்கோடு அவள் பங்கையும் சேர்த்துத் தின்றேன்.