பல்லடத்துக்காரர்

போன வாரம் மகள் எனக்கு அரை டஜன் பனியன் வாங்கி வந்தாள். உறைமேல் ஒரு பையன் நிற்கிறான். வயிறெல்லாம் கட்டுக்கட்டாக, நெஞ்சைப் புடைத்துக்கொண்டு, யாரையோ அடிக்கப் போகிறவன்போல முறைக்கிறான். பனியன் போட எதற்கப்பா இவ்வளவு கோபம்? உறையைப் பிரித்தேன். புதுத்துணி வாசம் வந்தது. கூடவே வரவேண்டிய மைதாப் பசை வாசம்தான் வரவில்லை. என் கலை வாழ்க்கை அந்தப் பசையில்தான் தொடங்கியது, நம்புங்கள்.

அறுபதுகளில் எங்கள் பனியன் ஊரின் ராயபுரத்தில் கந்தசாமி முதலாளியின் பனியன் கம்பெனி. கம்பெனி என்றால் முன்கட்டில் நாலு மிஷின், பின்கட்டில் முதலாளி குடும்பம். எனக்கு அட்டைப்பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டுகிற வேலை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "எனக்குப் படம் வரையத் தெரியுமுங்க" என்று ஒருநாள் சொல்லித் தொலைத்தேன். புது லேபிளுக்கு அலைந்துகொண்டிருந்த முதலாளி, பனியன் போட்ட ஆண்பிள்ளை ஒருவனை வரையச் சொல்லிவிட்டார்.

நான் சொன்னது பொய்யில்லை. முருகனை வரையத் தெரியும். நெசவுக் குடும்பத்தில் பிறந்து, காலண்டர் முருகனைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கை. பூனையை வரைந்தாலும் அதற்கு முருகன் கண்தான் வரும். முதலாளி படத்தைக் கையில் வாங்கினார். செருப்பைக் கழற்றினார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்புறம்தான் திட்டினார்.

"ஏப்பா, சாமிக்குப் பனியன் மாட்டி உட்டிருக்கறயே! இத வச்சு ஏவாரம் பண்ணீட்டு எந்த மூஞ்சிய வச்சுட்டுக் கோயலுக்குப் போவேன்? தீவாளிச் சரக்கு கெளம்பறதுக்குள்ள மனுசனா ஒருத்தன வரஞ்சு குடு. இல்லீன்னா உங்கய்யங்கூடத் தறிக்கே போயிரு."

தறி என்றாலே எனக்குக் கிலி. என்னைத் தறியில் உட்கார வைத்துப் பார்த்த எங்கய்யன், நான் அறுத்த நூலையெல்லாம் முடிந்து முடிந்து களைத்துப்போய், "நீ வேற எங்கியாச்சும் பொழச்சுக்க சாமி" என்று கும்பிட்டு அனுப்பியவர். திரும்பிப் போனால் இரண்டு பேருக்கும் ஆயுசு குறைந்துவிடும்.

மனித உடம்பைக் கற்றுக்கொள்ளலாமென்று திருமுருகன்பூண்டிச் சிற்பக்கூடத்துக்குச் சைக்கிளை மிதித்தேன். அங்கே ஒருவர் உளியை நிறுத்தாமலே பதில் சொன்னார்: "மனுசனெல்லாம் நாங்க செதுக்கறதில்லீங்க. ஆரும் கேக்கறதில்ல."

வெறுங்கையோடு திரும்பிய என்மேல் இரக்கப்பட்டவர் எங்கள் கட்டிங் மாஸ்டர் காதர் பாய். "நான் நிக்கறேன் தம்பி, வரைங்க" என்றார். துணி வெட்டும்போது அவரைப் பார்க்க வேண்டும். காதில் பென்சில், வாயில் ஏதோ முணுமுணுப்பு, கத்தரி போகிற பக்கமெல்லாம் தலையும் போகும். அப்பேர்ப்பட்டவர் பனியனை மாட்டிக்கொண்டு என் முன்னால் வந்ததும் விளக்குக் கம்பமாகிவிட்டார். கண் சிமிட்டவில்லை. முகம் சிவந்துகொண்டே போனது.

"மூச்சு உடுங்க பாய்."

"உட்டா வயிறு வந்துருமே தம்பி!"

மிஷின்காரர்களையும் நிறுத்திப் பார்த்தேன். ஒருவர் விபூதி பூசிக்கொண்டு வந்தார், ஒருவர் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வந்தார், எல்லாரும் மூச்சை அடக்கினார்கள். ஒருவரிடம் "சும்மா நில்லுங்க" என்று சொல்லிவிட்டால் போதும், அதற்கப்புறம் அவரால் சும்மா நிற்க முடியாது. மேடை ஏறினால்தான் நடிப்பு என்பதெல்லாம் சும்மா. யாராவது பார்க்கிறார்கள் என்று தெரிந்த நிமிடமே நாம் வேஷம் கட்டிவிடுகிறோம். பிற்பாடு எத்தனையோ பெரிய மனிதர்களை வரைந்தேன். எல்லாரும் காதர் பாய்தான்.

ஒருநாள் மத்தியானம், தறிக்குழியை நினைத்தபடி சாப்பாட்டுக்குப் பின் உட்கார்ந்திருந்தேன். எதிரே முதலாளி வெட்டுத்துணி மூட்டைமேல் சாய்ந்திருந்தார். பனியனை நெஞ்சுவரை சுருட்டி ஏற்றிவிட்டு, தொப்பையைக் காற்றாட விட்டிருந்தார். கையில் விசிறி பாதியிலே நின்றுபோயிருந்தது. வாய் லேசாகத் திறந்திருக்க, முகத்தில் அப்படியொரு நிம்மதி. என் கை தன்பாட்டுக்கு ஒரு பெட்டி மூடியை எடுத்து வரைய ஆரம்பித்துவிட்டது. பாதித் தூக்கத்தில் இருந்த கண்ணை வரைந்தேன், அது முருகன் கண்ணாக வரவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்தச் சந்தோஷத்தில் அவர் விழித்ததைக் கவனிக்கவில்லை. மூடியை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தார். பின்னால் எட்டிப் பார்த்த காதர் பாய் மெதுவாகத் தன் மேசைக்கு நழுவினார். வேலை போச்சு என்று முடிவு கட்டிவிட்டேன்.

"ஆருப்பா இது?"

"பல்லடம் பஸ்ஸுல பாத்தவருங்க" என்றது என் வாய்.

முதலாளி திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்ல களையான மூஞ்சி. வயித்த மட்டும் கொஞ்சம் கொறச்சுப்போடு." நாலடி போனவர் திரும்பினார். "அவருகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிட்டயா?"

"கேட்டனுங்க."

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலீங்க. தூங்கீட்டிருந்தாருங்க."

"செரி செரி" என்று போய்விட்டார்.

வேறு தாளில் வயிற்றைக் குறைத்து வரைந்து, வண்ணம் தீட்டி, சிவகாசிக்கு அனுப்பி, தீபாவளிச் சரக்கில் லேபிள் ஏறிவிட்டது. கடைகளில் "தூங்கறவரு பனியன்" என்று கேட்டு வாங்கினார்கள். அது யார் என்று ராயபுரத்துக்கே தெரியும். முதலாளிக்கு மட்டும் தெரியாது. வருகிறவர்களிடம் பெட்டியைத் தன் முகத்துக்குப் பக்கத்திலேயே பிடித்துக்கொண்டு, "இவரு பல்லடத்துக்காரருங்க" என்று சொல்லுவார். "அப்படீங்களா?" என்று அவர்களும் தலையாட்டுவார்கள். காதர் பாய் மேசைக்குக் கீழே கத்தரி தேடப் போய்விடுவார். வருஷக்கணக்காக நடந்த அந்த நாடகத்துக்கு நான்தான் ஆசிரியன் என்று எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

நான் தனியாகப் போர்டு எழுதப் போன பிறகு முதலாளி காலமானார். துக்கம் கேட்கப் போனேன். ஸ்டூடியோவில் கோட்டு மாட்டி, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்த போட்டோ மூலையில் சாத்தியிருந்தது. மாலை போட்டிருந்தது என் பெட்டி மூடிக்கு. கண்ணாடிச் சட்டத்துக்குள் பென்சில் கோடுகள், தொப்பை குறையாமல் அப்படியே இருந்தது. அந்த மூடி அன்றைக்கே குப்பையோடு போய்விட்டதென்று நினைத்திருந்தேன்.

அவர் சம்சாரம் என்னைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அன்னிக்கே ஊட்டுக்குள்ள கொண்டாந்து காட்டி அப்படிச் சிரிச்சாரு கண்ணு. 'நாந்தான்னு தெரிஞ்சதாக் காட்டிக்கிட்டா பையன் பயந்துக்குவான், அப்பறம் மறுக்காவும் முருகனத்தான் வரைவான்'னாரு. ஆருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்கீட்டாரு."

நான் ஆசிரியனும் இல்லை, ஒன்றும் இல்லை. வேடிக்கை பார்க்க வந்தவன்.

ராயபுரத்தில் அந்த வீடு இல்லை. காதர் பாய் இல்லை, அட்டைப்பெட்டி இல்லை. போகட்டும். இப்போது பேத்தி போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, "தாத்தா, சும்மா இருங்க" என்கிறாள். உடனே வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறேன். அவள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள், அந்தச் சிரிப்பையும் எல்லாருக்கும் அனுப்பிவிடுகிறாள். எல்லாம் தெரிந்துகொண்டு, ஒன்றும் தெரியாதவர்போல "செரி செரி" என்று போய்விடுகிற ஒரு மனிதர் எனக்கு இருந்தார் என்பதை அவளுக்கு எப்படிச் சொல்வது?