அப்பளப் பூசை

ராயபுரத்தில் வியாகுலம்மாளைத் திமிர் பிடித்தவள் என்பார்கள். அது பொய். அவள் அதிகம் பேசவே மாட்டாள். ஆனால் ஒன்றை முடிவு கட்டிவிட்டாளென்றால் துறைமுகத்துக் கிரேன் வைத்து இழுத்தாலும் நகரமாட்டாள். கிடங்கில் கிழிந்த கோணிப்பைகளைத் தைப்பது அவள் வேலை. புருஷன் கஸ்பார் கப்பலிலிருந்து மூட்டை இறக்குகிறவன். பகலெல்லாம் கோணித் தூசியைத் தின்றுவிட்டு அந்தியில் ஒற்றை அறை வீட்டுக்குள் நுழைகிறவளுக்கு ஒரே ஒரு சந்தோஷம் இருந்தது, பிள்ளைகளின் விளையாட்டைப் பார்ப்பது.

சொப்பு வைத்துச் சோறாக்குகிற விளையாட்டு இல்லை அது. பூசை விளையாட்டு. எட்டு வயசு பிலோமி அம்மாவின் கல்யாணச் சேலையைத் தோளில் போர்த்தி, பூசை வைக்கிற பாதிரிச் சாமியார் ஆகிவிடுவாள். டிரங்குப் பெட்டிதான் பீடம். தம்பி வால்டர் டம்ளரைக் கரண்டியால் தட்டி மணியடிப்பான். அந்த நாளில் மாதா கோவிலில் பூசை லத்தீனில் நடக்கும். யாருக்கும் புரியாத பாஷை பிலோமிக்கு இன்னும் வசதி, வாயில் வந்ததையெல்லாம் இழுத்து இழுத்துப் பாடுவாள். கடைசியில், சாமியார் நற்கருணை அப்பத்தைத் தூக்குகிற மாதிரி, பொரித்த அப்பளத்தைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டி, உடைத்து, தம்பியின் நாக்கில் ஒரு துண்டு வைப்பாள். மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று அவனுக்குச் சட்டம். பாவம், தொண்டையில் குத்தி முழி பிதுங்கும். அடுப்படியில் வியாகுலம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிப்பாள்.

அந்தச் சந்தோஷத்தில் மண் விழுந்தது. கோவிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியார் ஆசீர்வாதம் ஒரு சாயங்காலம் வந்து நின்றார். மாதக் கடைசியில் பிலோமிக்குப் புதுநன்மை, முதல் தடவையாக நற்கருணை வாங்குகிற நாள். வெள்ளைக் கவுன்கூடத் தைத்தாகிவிட்டது. அந்த விஷயமாக வந்தவர் கண்ணில் முதலில் பட்டது, தலைக்கு மேலே உயர்ந்த அப்பளம்.

"இன்னாம்மா இது? பொண்ணு தேவநிந்தனை பண்ணிகினு கீது, நீ பார்த்து சிரிச்சிகினு கீற?"

"கொயந்திங்க ஆட்டம் உபதேசியாரே."

"ஆட்டமா? வர்ற ஞாயித்துக்கெயமை பூசை முச்சூடும் கோவில் வாசப்படில அவ முட்டி போடட்டும். இல்லாங்காட்டி புதுநன்மைக்கு அவ பேரு கெடையாது."

அன்றிலிருந்து பீடம் மறுபடி டிரங்குப் பெட்டியாகிவிட்டது. பிலோமி மூலையில் உட்கார்ந்து மந்திரம் ஒப்புவித்துக்கொண்டிருந்தாள். வால்டர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். வேலை விட்டு வந்தால் வீடு வெறிச்சென்று கிடந்தது.

"ஒரு பூசை நேரந்தானே, போட்டுட்டுப் போவட்டும். அவரைப் பகைச்சிக்க முடியுமா?" என்றான் கஸ்பார். அவன் எதற்கும் பயப்படுகிறவன்.

"தெருவே பார்க்க முட்டி போட்டான்னா, அப்பறம் ஜென்மத்துக்கும் ஆட மாட்டா. எம்பொண்ணு போட மாட்டா."

"அப்போ புதுநன்மை?"

"அதுவும் வாங்குவா."

எப்படி என்று அவனுக்குப் புரியவில்லை. உண்மையைச் சொன்னால், அவளுக்கும் அப்போது தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கஸ்பாரோடு உள்ளே அனுப்பிவிட்டு, வியாகுலம்மாள் தானே வாசற்படியில் முழங்காலிட்டாள். பூசைக்கு வந்த சனமெல்லாம் அவளைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. உபதேசியார் ஓடிவந்தார்.

"உன்னை யாரு போடச் சொன்னது? பொண்ணு எங்க?"

"அவ ஆடினா. பார்த்து சிரிச்சது நானு. தப்புன்னா அது எந்தப்பு. பூசை முச்சூடும்னு சொன்னீங்க, போடறேன்."

மணி அடித்துவிட்டது. வாசலில் நின்று வாதாட நேரமில்லை. அவர் விடுவிடுவென்று உள்ளே போனார்.

கருங்கல் முட்டியைத் தின்றது. கூட வேலை செய்கிறவர்களே குசுகுசுவென்று பேசிக்கொண்டு தாண்டிப் போனதுதான் அதைவிட வலித்தது. மானம் போயிற்று அவளுக்கு, அதை மறைக்க என்ன இருக்கிறது? ஆனாலும் எழுந்திருக்கவில்லை. பூசை முடிந்து வெளியே வந்த உபதேசியார் அவள் முகத்தைப் பார்க்காமல், "பொண்ணை ஞானோபதேசத்துக்கு அனுப்பு, புதுநன்மைக்கு அவ பேரு கீது" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

அன்று சாயங்காலம் நொண்டிக்கொண்டே அடுப்பில் உலை வைத்தாள். முதுகுக்குப் பின்னால் டிரங்குப் பெட்டியை இழுக்கிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தாள்.

வால்டர் இன்றைக்கு மணியடிக்கவில்லை. தலையில் துண்டை முக்காடு போட்டுக்கொண்டு வீட்டு வாசற்படியில் முழங்காலில் நின்றான். அம்மாவைப் போலவே உதட்டை இறுக்கிக்கொண்டிருந்தான். பிலோமி பெட்டியைப் பார்த்து நின்று கொஞ்ச நேரம் பாடினாள். பாதியிலேயே நிறுத்தினாள். சேலை தரையில் புரள நேராக வாசலுக்கு நடந்து வந்து அவன் கையைப் பிடித்துத் தூக்கினாள்.

"எய்ந்துரும்மா. முட்டி நோவும். உள்ளார வந்து குந்து."

காலையில் அத்தனை பேர் தாண்டிப் போனார்களே, ஒருவர் வாயிலும் வராத வார்த்தை. வியாகுலம்மாளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. உலை கொதித்துப் பொங்கியது. சோறு குழைந்தால் குழையட்டும் என்று, பூசை முடிகிற வரைக்கும் அவள் அடுப்புப் பக்கம் திரும்பவே இல்லை.