சுடாத ரோடு

மலேசியாவின் பாடாங் மேஹா மாரியம்மன் திருவிழாவில் நவமணி பால்குடம் எடுத்தாள். உச்சி வெயிலில் தார் கொதித்தது. கூட வந்த பெண்கள் பொறுக்கமாட்டாமல் ஓரத்துப் புல்லுக்கு ஓடினார்கள். நவமணி மட்டும் நடு ரோட்டிலேயே நிதானமாக நடந்தாள்.

"ஆத்தா எறங்கிட்டா பாருங்கடி, சூடே தெரியல!" என்று எல்லாரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நவமணிக்கும் பெருமைதான்.

வீட்டுக்கு வந்தபிறகு சிமெண்டுத் தரையில் ஈரமான காலடிகளைப் பார்த்தாள். பால் சிந்திவிட்டதோ என்று குனிந்தால், சிவப்பாக இருந்தது. உள்ளங்காலைத் திருப்பினாள். கொப்புளம் உடைந்து தோல் தொங்கியது. துளிகூட வலியில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. அவளுடைய அக்கா தேவகிக்கும் அவளைப் போலவே சர்க்கரை நோய்தான். வலிக்காத புண்தானே என்று விட்டாள், கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

பக்கத்து ஊரான கரங்கானில் பலகாரம் விற்கும் ஜெனவீவும் சர்க்கரைக்காரி. அவள் ஆரம்பித்ததுதான் 'இனிப்பு அக்காமார்' வாட்சப் குழு. வெள்ளிக்கிழமை குளித்ததும் நவமணி உட்பட எல்லாரும் உள்ளங்காலைப் படம் எடுத்துப் போட்டாக வேண்டும். முகத்தைப் பார்க்கக் கண்ணாடி இருக்கிறது, காலை யார் பார்ப்பது என்பது ஜெனவீவின் கட்சி.

அந்த வெள்ளிக்கிழமை நவமணி போனை எடுத்துவிட்டுத் திரும்பக் கீழே வைத்தாள். புண்ணைக் காட்டினால் கிளினிக்குக்குப் போ என்பார்கள். கிளினிக் என்றாலே அவளுக்கு அக்காவின் கால்தான் கண்முன் வரும். மஞ்சளைக் குழைத்துப் பூசித் துணியைச் சுற்றினாள். போனில் கிடந்த பழைய படம் ஒன்றைத் தேடி எடுத்து அனுப்பினாள். சபாஷ் என்று பதில்கள் வந்து விழுந்தன. அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த வெள்ளியும் அதே படம்தான். அதற்குள் காலிலிருந்து வாடை வர ஆரம்பித்திருந்தது.

"எங்கயோ எலி செத்துக் கெடக்கு லா," என்று புருஷன் சிவநேசன் அலமாரியை நகர்த்தினான். பாவி மகள், அவளும் கூடச் சேர்ந்து எலியைத் தேடினாள்.

அப்போதுதான் போன் அடித்தது. ஜெனவீவ்.

"அக்கா, ஒங்க கால்ல மருதாணி பளிச்சுனு செவந்திருக்கு. ஒங்க மகன் கல்யாணத்துக்கு வச்சதுதானே, அது முடிஞ்சு எத்தன மாசமாச்சு? இப்ப இருக்கற காலக் காட்டுங்க லா."

நவமணி சுவரில் சாய்ந்தாள். "வெட்டிருவாங்க, ஜெனவீவ்."

"மறைச்சு வச்சாதான்க்கா வெட்டுவாங்க. அங்கயே இருங்க, கெரேத்தா எடுத்துட்டு வரேன்."

ஜெனவீவ் காரில் கூட்டிப்போன கூலிம் கிளினிக்கில், மலாய்க்கார நர்ஸ் துணியை அவிழ்த்ததும் நவமணி கண்ணை மூடிக்கொண்டாள். டாக்டர் ஒவ்வோர் இடமாக அழுத்தினார். "சாக்கிட்?" வலிக்கிறதா என்று கேட்கிறார். இல்லை என்று தலையாட்டினாள். மறுபடி அழுத்தினார். மறுபடியும் இல்லை. 

"எங்கயாச்சும் வலிச்சா நல்லதுக்கா, அந்த எடத்துல உயிர் இருக்குனு அர்த்தம்," என்று ஜெனவீவ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆத்தா, அன்னிக்கு எனக்குக் குடுத்த அருளைத் திரும்ப எடுத்துக்க, எனக்கு வலியைக் குடு என்று நவமணி மனசுக்குள் கதறினாள்.

டாக்டர் செத்த சதையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டிக்கொண்டே உள்ளே போனார். பெருவிரல் பக்கம் வந்ததும் சுரீர் என்றது.

"சாக்கிட்! வலிக்குது ஜெனவீவ், வலிக்குது!"

அவள் போட்ட கூச்சலில் வெளியே காத்திருந்தவர்கள் பதறி எட்டிப் பார்த்தார்கள். ஜெனவீவ் சிலுவை போட்டுக்கொண்டாள்.